"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால்...

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேஜை மேலேயே இருக்கிறது. கடிதம் என்பதைவிட முறையீடு என்று சொல்வதுதான் பொருத்தம். எழுதியிருப்பவர் ஒரு சகோதரி. அவருடைய கணவருக்கு ஆபீஸில் ஒரு மேலதிகாரி. மேலதிகாரிக்கு ஒரு மனைவி. அந்த அம்மாள் கவிதை எழுதுகிறார். பிரதோஷத்தன்று கோயிலில் சந்தித்தபோது, "நீங்கள் நிறையப் படிக்கிறவராமே!" என்று சொல்லி, டைப் செய்த 120 பக்கங்களைப் பையோடு கையில் கொடுத்துவிட்டார். "அவசரமே இல்லை, வெள்ளிக்கிழமை சொன்னால் போதும்" என்று கருணை வேறு!

நம் சகோதரி முதல் பத்துப் பக்கம் படித்தார். நிலா வந்தது. பத்துப் பக்கத்துக்குள் 17 தடவை வந்தது. அதற்கு மேல் எண்ண அவருக்குத் தைரியம் வரவில்லை. "நன்றாயில்லை என்று சொன்னால் இவருடைய உத்தியோகம் என்ன ஆகுமோ? நன்றாயிருக்கிறது என்று சொன்னால் அடுத்த 120 பக்கம் வந்து சேருமே! நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

சிரிக்காதீர்கள். இந்தத் தர்மசங்கடம் உங்களுக்கும் வந்திருக்கும். வராவிட்டால் வரப் போகிறது. எதிர் வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற மறு மாதமே சுயசரிதை ஆரம்பித்துவிடுவார். நாத்தனார் பெண் காலேஜ் மலருக்குச் சிறுகதை எழுதிவிட்டு, "சித்தி, நீங்கதான் முதல்ல படிக்கணும்" என்பாள். மாடி வீட்டுப் பையன் வெண்பா எழுதுவான். நோட்டுப் புத்தகமாக வந்த காலம் போய் இப்போது கைபேசியிலேயே வந்து விழுகிறது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அத்தை ஒரு கவிதை அனுப்புகிறார். படித்தாயா என்று அரை மணியில் கேட்கிறார்.

இப்படிக் கேட்கப்பட்டவர்களை நான் மூன்று கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, பேஷ் கட்சி. இவர்கள் படிப்பதில்லை, அல்லது முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்ப்பார்கள். "பேஷ்! பிரமாதம்! அதுவும் அந்த முடிவு இருக்கிறதே, அபாரம்!" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இப்படித்தான், காசி யாத்திரையைப் பற்றி எழுதிய சிநேகிதியிடம் முடிவைப் புகழ்ந்து தள்ளினாள். "இன்னும் அலகாபாத் வரைக்கும்தானே எழுதியிருக்கேன்?" என்றாள் சிநேகிதி. அன்றைக்குக் காபி கொஞ்சம் ஆறிப் போய்த்தான் வந்ததாம்.

இரண்டாவது, நக்கீரர் கட்சி. "எனக்கு மனத்தில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது" என்று முகவுரை சொல்லிவிட்டு ஆரம்பிப்பார்கள். நக்கீரர் பெரியவர்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது சங்க மண்டபத்தில். எதிரே தொங்கியது பொற்கிழி. பரிசுக்கு வந்த பாட்டைச் சோதிப்பது அவருடைய கடமை. சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டு, ஈரக் கையைப் புடைவைத் தலைப்பில் துடைத்தபடி, "ஏதோ எழுதியிருக்கேன், பாரேன்" என்று ஒருத்தி நீட்டும்போது அங்கே எந்தப் பொற்கிழியும் தொங்கவில்லை.

மூன்றாவது, மௌனக் கட்சி. வாங்கிக்கொள்வார்கள், நோட்டு பால் கணக்குக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே போய்ச் சேரும், பிறகு அதைப் பற்றிப் பேச்சே இராது. கொடுத்தவள் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் இவள் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். மூன்று கட்சியிலும் அதிகம் புண்படுத்துவது இந்தக் கட்சிதான் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் நீ எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாவது கட்சியில் தீவிர அங்கத்தினராக இருந்தவள்.

முப்பது வருஷத்துக்கு முந்திய கதை. மாம்பலத்தில் நாலு குடித்தன வீட்டில் இருந்தோம். நான் தமிழில் பட்டம் வாங்கிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்பு மைப் பேனா இருக்கும். அடுத்த போர்ஷனில் இருந்த மாமிக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். எட்டாவதுக்கு மேல் படித்தவரில்லை. ஒரு நாள் சாயங்காலம், நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "பொழுது போகாம ஏதோ கிறுக்கினேன். நீ தமிழ் படிச்சவ, பாரேன்" என்று வைத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரியே பார்த்தேன்; ஆனால் படித்தேனா என்பதுதான் கேள்வி. பதினோரு பக்கம் எழுதியிருந்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. புளியங்கொட்டைகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறது. பல்லாங்குழிக்குக்கூட ஒன்றும் கொடுப்பதில்லை. அதற்கு ஜுரம் வருகிறது. "நான் எழுந்து வர வரைக்கும் என் கொட்டையை யாரும் எண்ணக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் படுக்கிறது. அப்புறம் எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான். மாமி அந்த வாக்கியத்தில் "என்னக் கூடாது" என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் றன்னகரத்தை அடித்துவிட்டு டண்ணகரம் போட்டேன். போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

மறு நாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது என் தீர்ப்பையும் வழங்கினேன்.

"மாமி, எழுத்துப் பிழை மொத்தம் 43. எல்லாம் திருத்தியிருக்கேன். கதை பரவாயில்லை. ஆனா முடிவுதான் ரொம்பச் சோகமாப் போயிட்டது. குழந்தையைப் பிழைக்க வெச்சிருக்கலாமே?"

மாமி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "வெச்சிருக்கலாம்தான். என் கையிலயா இருந்தது?" என்றார்.

"எழுதறவா கையிலதானே மாமி இருக்கு!" என்றேன், ஏதோ பெரிய இலக்கிய உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரி. மாமி சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு மாதம் கழித்துக் கும்பகோணத்திலிருந்து மாமியின் ஓரகத்தி வந்திருந்தார். குழாயடியில் பேச்சுவாக்கில், "அவளுக்கு மூத்தது ஒரு பொண்ணு இருந்தது, தெரியுமோ? ஆறு வயசிலே மூளைக் காய்ச்சல்லே போயிட்டது. அவ அதைப் பத்தி வாயைத் திறந்து பேசினதே இல்லை" என்றார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூட மறந்து நின்றேன்.

முப்பத்தைந்து வருஷமாக யாரிடமும் பேசாத ஒன்றை அந்த அம்மாள் பதினோரு பக்கம் எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் 43 பிழை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எப்படிப் படிக்க வேண்டும் என்பதை நான் பாடமாகவே படித்திருந்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலைப் படித்தவர்களுக்குப் பாயிரம் என்பது நினைவிருக்கும். ஒரு நூலுக்கு அதைச் செய்தவரே சிறப்புப் பாயிரம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, உரைகாரரோதான் சொல்ல வேண்டும். உடன் படித்தவர் என்று அந்தக் காலத்திலேயே சிநேகிதருக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள்!

சரி, அந்தப் பாயிரத்தில் என்ன சொல்ல வேண்டும்? எட்டு விஷயம் என்கிறது நன்னூல். எழுதியவர் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எப்படித் தொகுத்தது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு, என்ன பயன். இவற்றோடு எந்தக் காலம், எந்தக் களம், என்ன காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்று சொல்வாரும் உண்டு. நன்றாகக் கவனியுங்கள். இந்தப் பதினொன்றில் "பிரமாதம்" என்பதும் இல்லை, "பரவாயில்லை" என்பதும் இல்லை. எல்லாம், எதிரே இருப்பது என்ன என்று புரிந்துகொள்வதற்கான விஷயங்கள். மார்க்குப் போடுவது பிறகு, புரிந்துகொள்வது முதலில்.

பதினொன்றில் கடைசியான காரணத்தை மட்டும் நான் கேட்டிருந்தால் போதும். "எதனால் மாமி இதை எழுதணும்னு தோணித்து?" இந்த ஒரு கேள்வி, நாலு வார்த்தை, என் வாயிலிருந்து வரவில்லை.

ஆகவே, உங்கள் கையில் யாராவது எழுதியதைக் கொடுத்தால், வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். எதனால் எழுதினீர்கள் என்பது ஒன்று. "நான் சும்மா படிக்கட்டுமா, திருத்தம் ஏதாவது சொல்லட்டுமா?" என்பது இன்னொன்று. முக்கால்வாசிப் பேர், "சும்மாப் படியேன்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களிடம் சந்திப் பிழையைப் பற்றிப் பேசுவது, சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் பாத்திரத்தின் ஒடுக்கை எண்ணுவது போல.

நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. 120 பக்கம் படிக்க முடியாது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "குழந்தைகளுக்குப் பரீட்சை சமயம். உங்களுக்கு ரொம்பப் பிடித்த பத்துப் பக்கத்தை நீங்களே எடுத்துக் கொடுங்களேன், நிதானமாகப் படிக்கிறேன்" என்று சொல்லுங்கள். மனம் கோணாது. சொன்ன நாளில் நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். அவர்களைக் கேட்க வைக்காதீர்கள்.

படித்த பிறகு என்ன சொல்வது? "நன்றாயிருக்கிறது" என்ற வார்த்தை தேய்ந்த காசு. எங்கேயும் செல்லும், ஆனால் யாருக்கும் பூரிப்புத் தராது. அதற்குப் பதில் மனத்தில் தங்கிய ஓர் இடத்தைச் சொல்லுங்கள். "உங்கள் தாத்தா வில்வண்டியில் ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தீர்களே, அது கண் முன்னாலேயே நிற்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். எழுதியவர் முகத்தில் அகல்விளக்கு ஏற்றின மாதிரி இருக்கும். ஏனென்றால் பொய்யாக இதைச் சொல்ல முடியாது. படித்தவர்தான் சொல்ல முடியும். எவ்வளவு சுமாராக எழுதினாலும், தாமே கண்ணால் கண்டதை எழுதிய ஓர் இடம் எங்கேயாவது இருக்கும். தேடி எடுப்பது நம் பொறுப்பு.

"அதெல்லாம் வேண்டாம், குற்றம் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும்" என்று சிலர் உண்மையாகவே கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லாமலிருப்பதும் தவறுதான். இதற்கும் நன்னூலையே கூப்பிடலாம். கூறியதையே கூறுவது, அளவுக்கு மிஞ்சிச் சொல்வது, ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றை விரிப்பது, போகப் போகத் தேய்ந்து போவது என்று நூலுக்கு வரும் குற்றங்கள் பத்தைச் சொல்கிறது. சொன்ன கையோடு, சுருங்கச் சொல்லுதல், விளங்க வைத்தல் என்று அழகுகளும் பத்துச் சொல்கிறது. பத்துக்குப் பத்து! ஒரு குற்றம் சொன்னால் ஓர் அழகையும் சொல்லுங்கள். அழகை முதலில் சொல்லுங்கள். குற்றத்தைச் சொல்லும்போதும் அதை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். "இந்த இடத்தில் குழப்பி விட்டீர்கள்" என்பதற்கும், "இந்த இடத்தில் எனக்குப் பெரியப்பா யார், சித்தப்பா யார் என்று தெரியாமல் போய்விட்டது" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! விஷயம் ஒன்றுதான். முன்னதில் அவர் குற்றவாளி. பின்னதில் நீங்கள் வழி கேட்கிறீர்கள்.

நயமாகப் பேசுவது என்றால் பொய் பேசுவது என்று அர்த்தமில்லை. ஓர் இடத்தில் மட்டும் நயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கவும் வேண்டியிருக்கும். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் போட்டோ, வளையலை அடகு வைத்தோ, ஆயிரம் பிரதி அச்சடிக்கப் போகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே "பேஷ்" சொல்வது பாவம். விற்காத பிரதிகள் கட்டிலுக்கு அடியில் அடுக்கிக் கிடக்க, அவற்றின் மேலேயே ராத்திரி படுத்துப் புரளும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். "முதலில் ஐம்பது பிரதி போதும், வேண்டியவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். பணத்தை இப்போது தொடாதீர்கள்" என்று பச்சையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார், பாதகமில்லை.

இன்னொன்று ரகசியம். உங்களிடம் கொடுத்தது உங்களுக்கு மட்டும் கொடுத்தது. மாமியாரைப் பற்றி இரண்டு வரி இருக்கலாம். பழைய துக்கம் இருக்கலாம். அதைக் கிணற்றடியில் பேசுவதும், கைபேசியில் இன்னும் நாலு பேருக்கு அனுப்புவதும் ஒரே குற்றம்தான். பெற்ற பெண் பதினாலு வயதில் கவிதை எழுதிக் காட்டினால், வந்த விருந்தாளிகள் முன்னால் அவளைப் படிக்கச் சொல்லாதீர்கள். காட்டாமல் வைத்திருந்தால் தேடி எடுத்துப் படிக்காதீர்கள். தானாக வந்து காட்டுகிற வீட்டில்தான் மறுபடியும் காட்டுவாள்.

"யாரோ பொழுது போகாமல் எழுதுகிறார்கள், இதற்கு இவ்வளவு மரியாதையா?" என்று நினைக்கிறீர்களா? வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைத்துப் பாருங்கள். 1901-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனவரில்லை, மிகச் சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கதை சொல்லுவார். எழுதத்தான் வராது. பட்டம்மாள் என்ற தோழி பக்கத்தில் உட்கார்ந்து, இவர் சொல்லச் சொல்ல எழுதினார். அப்படி உருவான "இந்திரமோகனா" என்ற நாடகம் 1924-ல் அச்சாகி வெளிவந்தது. அடுத்த வருஷமே "ஜகன்மோகினி" பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார் கோதைநாயகி. 1960-ல் காலமாகும் வரையில் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அன்றைக்கு அந்தத் தோழி, "உனக்கு எழுதவே தெரியாதே, உனக்கு எதற்கடி நாடகம்?" என்று கேட்டிருந்தால்? நம்மிடம் நோட்டை நீட்டுகிறவர்கள் எல்லாரும் கோதைநாயகி ஆகிவிட மாட்டார்கள்; வாஸ்தவம். ஆனால் நாம் எல்லாரும் பட்டம்மாள் ஆகலாம். அதற்குப் பெரிய புலமை ஒன்றும் வேண்டாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் யோசனை இதுதான். அந்த 120 பக்கத்தில் நிலா வராத கவிதை ஒன்றாவது இருக்கும். தேடிக் கண்டுபிடியுங்கள். வெள்ளிக்கிழமை போய், "இந்த ஒரு கவிதை என் மனசிலேயே நிற்கிறது. இந்த மாதிரி இன்னும் எழுதுங்களேன்" என்று சொல்லுங்கள். உண்மையையும் சொன்னதாகிவிடும், நிலாவுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். உங்கள் கணவரின் உத்தியோகத்துக்கும் பங்கம் வராது.

மாமியின் கதையை முடிக்கவில்லையே என்பீர்கள்.

ஓரகத்தி ஊருக்குப் போன மறு நாள், நான் அடுத்த போர்ஷனுக்குப் போனேன். மாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியமெல்லாம் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், "மாமி, அந்தப் புளியங்கொட்டை டப்பா இப்போ எங்கே இருக்கு?" என்றுதான் கேட்டேன்.

மாமியின் கை நின்றது. "அது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

பிறகு விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் பேசினார். பெண்ணின் பெயரைச் சொன்னார். அந்த டப்பா பரண்மேல் இருக்கிறது என்றார். "அவ சொன்னபடி இன்னி வரைக்கும் யாரும் எண்ணலை" என்றார். நான் கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று கீரை இரண்டு தடவை ஆயப்பட்டது.

எழுந்து வரும்போது மாமி உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்தார். "நீதான் தப்பெல்லாம் திருத்தி வெச்சிருக்கியே! சிவப்பாக் கிடக்கு. நல்லதா ஒரு நோட்டிலே அழகா எழுதிக் கொடு. பையன் கிட்டே கொடுக்கணும். அவனுக்கு அக்கா இருந்ததே தெரியாது" என்றார்.

நீல மையில் எழுதிக் கொடுத்தேன். நாலு ராத்திரி ஆயிற்று. அந்த 43 பிழைகளில் 42-ஐத் திருத்தித்தான் எழுதினேன். ஒன்றை மட்டும் மாமி எழுதியபடியே விட்டுவிட்டேன். அது எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.